ரங்கூன் கீரியின் முழங்கை

"எங்கே நிறுத்தணும், டீச்சர்? அதை மட்டும் சொல்லிடுங்க."

கேட்டவர் தனுஷ்கோடி. அறுபதைத் தாண்டிய ஆள்.

டீச்சர் ரிஸ்வானாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மடியில் இருந்த கம்பளி நரிக்குக் காது வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊசியைக் கேளுங்க சார்," என்றாள்.

தனுஷ்கோடிக்குச் சுருக்கென்றது. ஊசியையா கேட்பது? ஆனாலும் டீச்சர் சொல்லிவிட்டாளே என்று, தன் கீரிப்பிள்ளையின் தோளில் இன்னொரு குத்துக் குத்தினார்.

ஊசி பட்டென்று முறிந்தது.

"சொல்லிடுச்சா?" என்றாள் ரிஸ்வானா.

*

சிங்காநல்லூரில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை.

அங்கே நடப்பது வேடிக்கையான வேலை. முதலில் கம்பியை வளைத்து எலும்பு மாதிரி ஒன்று செய்துகொள்ள வேண்டும். அதன்மேல் கம்பளி ரோமத்தைச் சுற்ற வேண்டும். பிறகு சொரசொரப்பான நீள ஊசியால் குத்த வேண்டும். குத்தக் குத்த ரோமம் ஒன்றோடொன்று பின்னி இறுகும். இறுகி இறுகித் தொடையாகும், மூக்காகும், வாலாகும். தையல் கிடையாது, பசை கிடையாது. குத்துவது ஒன்றுதான் வேலை.

ரிஸ்வானா செய்வதெல்லாம் கார்ட்டூனிலும் கேமிலும் படக்கதையிலும் வருகிற மிருகங்கள். மூன்று கண் கரடி, சமையல்காரப் பன்றி, வாள் ஏந்திய முயல் என்று அலமாரி நிறைய நின்றன. தலையைத் திருப்பலாம், காலை மடக்கலாம், வாலைச் சுருட்டலாம். ரசிகர்கள் அதற்குத்தான் உயிரை விடுவார்கள்.

தனுஷ்கோடியும் ரசிகர்தான். அவருடைய ஆள் ரங்கூன் கீரி.

அவர் பையனாக இருந்தபோது வார இதழில் வந்த படக்கதை அது. ரங்கூனிலிருந்து கள்ளத்தனமாகக் கப்பலேறி வந்த துப்பறியும் கீரிப்பிள்ளை. கழுத்தில் சிவப்பு மஃப்ளர், மூக்கில் தழும்பு. கடைசிக் கட்டத்தில் வலது கையை நீட்டிக் குற்றவாளியைக் காட்டுவான். இதழ் எப்போதோ நின்றுவிட்டது. ரசிகர்கள் நிற்கவில்லை. வாட்ஸ்அப்பில் குழு வைத்துக்கொண்டு, மஃப்ளரின் நுனியில் குஞ்சம் உண்டா இல்லையா என்று இன்றைக்கும் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போடுகிறார்கள்.

புத்தகத் திருவிழாவில் ரிஸ்வானாவின் கடையைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று, எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டவர் தனுஷ்கோடி.

"இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க சார்?"

"பல்செட் செய்யற வேலை. முப்பது வருஷம். கை நடுங்கவே நடுங்காது."

"அப்ப கொஞ்சம் கஷ்டம்தான்," என்றாள் ரிஸ்வானா.

அவர் அதை அன்றைக்குக் கேலி என்று நினைத்துக்கொண்டார்.

பல்செட்டில் மயிரிழை இடைவெளி விட்டாலும் ஈறு புண்ணாகிவிடும். பல் கட்டிக்கொண்டவர் கன்னத்தைப் பிடித்தபடி வந்து கத்துவார். அந்தப் பயத்திலேயே பழகிய கை இது. ஒரு பள்ளத்தைக் கண்டால் இதற்குப் பொறுக்காது. கீரியின் உடம்பில் ஒரு பள்ளமும் ஒரு பிசிறும் இல்லாமல் வாரக்கணக்காகக் குத்தியிருந்தார். நகத்தால் தட்டினால் டொக்கென்று சத்தம் வந்தது.

முறிந்த ஊசியை எடுத்துப் போட்டுவிட்டு, கீரியை டீச்சர் முன்னால் வைத்தார்.

ரிஸ்வானா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உட்காரச் சொல்லுங்க."

"உக்காராதுங்க டீச்சர். கதையில எந்த இடத்துலயும் அவன் உக்காந்ததே இல்லை. எல்லா இதழையும் பாத்தாச்சு."

"பாவம்," என்றாள். "களைச்சுப் போயிருப்பான்."

அவ்வளவுதான். மறுபடியும் நரியின் காதுக்குப் போய்விட்டாள்.

தனுஷ்கோடி கீரியைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். நல்ல கோபம். இவ்வளவு உழைத்ததற்கு ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் குறைந்தா போய்விடுவாள்?

யாருக்காகச் செய்கிறீர்கள் என்று அவள் கேட்டதில்லை. இவர் சொன்னதும் இல்லை.

*

அவர் செய்தது தம்பி சேதுவுக்காக.

சேது டீ மாஸ்டர். பஸ் ஸ்டாண்டு எதிரில் கடை. இரண்டு கையையும் அகல விரித்து அவன் டீ ஆற்றுவதைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காலையில், பாலைக் கொதிக்க வைத்தவன் அப்படியே அடுப்படியில் சரிந்துவிட்டான். பக்கவாதம். கால் மெல்லத் திரும்பிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் மூடியது மூடியபடி இருந்தது.

அண்ணனுக்கு மனைவி இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

சனிக்கிழமைகளில் பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வருவாள். போன மாதம் அவள் தனுஷ்கோடியைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"விரல் இறுகிட்டே வருதுங்க. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே விட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம். நாம பிடிச்சு இழுத்தா மட்டும் பத்தாது. அசைக்கணும்னு அவருக்கே தோணணும்."

தோன்ற வைப்பதற்குத் தனுஷ்கோடி தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். அவன் பல்செட்டைக் கழுவும்போது "விரலை விரிடா" என்றார். சாப்பிடும்போது "ஸ்பூனை அந்தக் கையில பிடிடா" என்றார். டி.வி. பார்க்கும்போது பந்தைக் கொண்டுவந்து உள்ளங்கையில் திணித்தார்.

"பந்து உருட்ட நான் என்ன பால்வாடிப் பிள்ளையா?" என்று சேது அதை இடது கையால் வீசினான். பந்து கட்டிலுக்கு அடியில் போனது.

பிறகு வீசுவதையும் விட்டுவிட்டான். திணித்தால் திணித்தபடி மடியில் கிடந்தது. தனுஷ்கோடிக்கு உண்மையிலேயே பயம் வந்தது அப்போதுதான்.

ரங்கூன் கீரி யோசனை அப்படி வந்ததுதான். ரசிகர் என்றால் சேதுதான் ரசிகர். தனுஷ்கோடிக்குக் கதை தெரியும். சேதுவுக்கு எந்த இதழில் எந்தக் கட்டத்தில் கீரியின் வால் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியும். வேறு எதைத் தொடாவிட்டாலும் அதைத் தொடுவான். தொட்டால் ஆட்டுவான். ஆட்டினால் விரல் அசையும்.

வீட்டுக்குப் போனதும் துண்டைப் பிரித்துத் தம்பியின் முன்னால் நிறுத்தினார்.

சேதுவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

"அண்ணே! நம்மாளு!"

இடது கையால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மூக்குத் தழும்பு! அதைக்கூட நீ விடலையே!"

"வலது கையால பிடிடா. அவன் கையை மடக்கிப் பாரு. மடங்கும்."

சேது சிரித்துக்கொண்டே மூடிய கையைக் கொண்டுபோய்க் கீரியின் நீட்டிய கையில் வைத்து அழுத்தினான்.

அசையவில்லை.

இன்னொரு தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். கீரியின் கை மடங்கவில்லை. கீரிதான் மொத்தமாகச் சாய்ந்து கீழே விழுந்தது.

சேது இடது கையால் அதை எடுத்து அண்ணனிடம் நீட்டினான்.

"அலமாரியில வச்சிடுண்ணே. நல்லா இருக்கு."

அதற்கப்புறம் அவன் அலமாரிப் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. பந்தை அவன் மதித்ததே கிடையாது, அதனால் அதனிடம் தோற்றது வலிக்கவில்லை. ரங்கூன் கீரியிடம் தோற்றது வலித்தது. தனுஷ்கோடி அதைத் தன் கண்ணால் பார்த்தார். நல்லது செய்யப் போய் இருந்ததையும் கெடுத்துவிட்டோமே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

*

"நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம் டீச்சர்," என்றார் மறு வகுப்பில்.

"என்னன்னு?"

"இது உதவாதுன்னு."

"யாருக்கு உதவாது?"

அப்போதுதான் சொன்னார். சேதுவை, கையை, பிசியோ பெண் சொன்னதை, கீரி சாய்ந்து விழுந்ததை. ரிஸ்வானா ஊசியை ஸ்பாஞ்சில் குத்தி வைத்துவிட்டு முழுசாகக் கேட்டாள்.

"உங்க கையை நீட்டுங்க சார்."

நீட்டினார்.

"மடக்குங்க."

மடக்கினார்.

"எப்படி மடங்குச்சு?"

"இதென்ன கேள்வி? மடக்கினேன், மடங்குச்சு."

"முழங்கைக்கு உள்பக்கம் தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. சுருக்கமும் மடிப்புமாக, அழுத்தினால் உள்ளே போனது.

"அந்த இடத்துல யாரோ சரியாக் குத்தாம விட்டுட்டாங்க போல," என்றாள் ரிஸ்வானா.

தனுஷ்கோடி கையை நீட்டினார். மடக்கினார். மறுபடியும் நீட்டினார். பிறகு கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முட்டிக்குப் பின்னால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் பூனை செய்துகொண்டிருந்த கல்லூரிப் பெண் இவரைப் பார்த்துச் சிரித்தாள். இவருக்கு அது உறைக்கவே இல்லை.

எழுந்து போய்ப் புதுக் கம்பி ஒன்று எடுத்து வந்தார்.

*

இரண்டாவது கீரி சீக்கிரமே உருவானது. ஆனால் முதல் கீரி படுத்தாத பாட்டை இது படுத்தியது.

நெஞ்சையும் முகத்தையும் இறுக்கக் குத்தினார். அதில் சிரமம் இல்லை. தோள், முழங்கை, முட்டி என்று மடிகிற இடங்களுக்கு வந்ததும் கை தானாக ஊசியோடு அங்கே போகும். பிடித்து இழுப்பார். தொளதொளவென்று ரோமம் நிற்கும். ஐயோ, இன்னும் நாலு குத்துக் குத்தினால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு எழுந்திருப்பது அவர் ஜாதகத்திலேயே இல்லை.

"போதுமா டீச்சர்?"

"நீங்க சொல்லுங்க."

"போதாது."

"அப்ப போதும்," என்றாள்.

வாட்ஸ்அப் குழுவுக்கு இதைப் படம் எடுத்து அனுப்ப அவருக்குத் துணிச்சல் வரவில்லை. அந்தத் தோளைப் பார்த்தால் பிய்த்து எடுத்துவிடுவார்கள்.

சேது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். தனுஷ்கோடி ஜன்னல் விளிம்பில் கீரியை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போனார். கதவிடுக்கு வழியாகப் பார்த்தார்.

முதலில் சேது தொடவில்லை. பிறகு ஒரு விரலால் தள்ளினான். கீரியின் கை மெல்லத் தாழ்ந்து, தாழ்ந்த இடத்தில் நின்றது. சேது புருவத்தைத் தூக்கினான். காலை மடக்கினான், மடங்கியது. ஜன்னல் விளிம்பில் உட்கார வைத்தான், உட்கார்ந்தது.

எல்லாம் இடது கையால்.

தனுஷ்கோடிக்குப் பொறுக்கவில்லை. கரண்டியோடு ஓடி வந்தார்.

"வலது கையால செய்டா! அதுக்குத்தானே செஞ்சு கொடுத்திருக்கேன்!"

சேது கீரியை விட்டான். நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

*

"சொன்னாக் கோவிச்சுக்கிறான். சொல்லாம விட்டா கையே போயிடும். நான் என்னதான் செய்யட்டும் டீச்சர்?"

ரிஸ்வானா கையை நீட்டினாள்.

"ஊசி டப்பாவைக் குடுங்க."

கொடுத்தார். அவள் அதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள். சாவியை வளையலோடு கோத்துக்கொண்டாள்.

"என்னங்க இது? எப்பத் தருவீங்க?"

"உங்க கை சும்மா இருக்கப் பழகட்டும்."

"கை சும்மா இருந்துடும். வாய்?"

ரிஸ்வானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதுக்கு என்கிட்ட டிராயர் இல்லை சார்."

*

வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தனுஷ்கோடி கற்றுக்கொண்டார். காலையில் "விரலை" என்று ஆரம்பித்து "விரால் மீன் வாங்கட்டுமா?" என்று முடித்தார். சேது ஒரு மாதிரியாகப் பார்த்தான். பந்தை எடுத்து, தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். கை பரபரத்தால் பூண்டு உரித்தார். வீட்டில் தேவைக்கு மேல் பூண்டு சேர்ந்தது.

சனிக்கிழமை பிசியோ பெண் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனாள். கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. இவர் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறார். இப்படிச் சும்மா இருந்தே தம்பியின் கையைத் தொலைத்துவிடுவோமோ?

ஆனால் ஜன்னல் விளிம்பில் ஏதோ நடந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு நாள் கீரி காலை நீட்டிச் சாய்ந்து, வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு நாள் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, கழுத்தை முன்னால் நீட்டி நின்றது. யாரையோ திட்டுகிற தோரணை. யாரை மாதிரி இருக்கிறது என்று தனுஷ்கோடி கொஞ்ச நேரம் யோசித்தார். புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான் அப்படியாடா நிக்கிறேன்?"

"வயிறு மட்டும் கொஞ்சம் கம்மி," என்றான் சேது.

சேதுவுக்குக் கை விழுந்த பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் கீரியின் ஒரு கை தலைக்கு மேலே போயிருந்தது, இன்னொரு கை தொடைக்குக் கீழே. தனுஷ்கோடிக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கீரி டீ ஆற்றிக்கொண்டிருந்தது. ரசிகர் குழுவில் யாராவது பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். ரங்கூன் கீரியாவது, டீயாவது!

எந்தக் கையால் அப்படி வைத்தாய் என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு உழவர் சந்தைக்குக் கிளம்பினார்.

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. சேது கட்டிலில் உட்கார்ந்து, பேப்பரை விரித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தான்.

கீரி அதே இடத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தது. இடுப்பில் மட்டும் புதிதாக ஒன்று இருந்தது. பழைய பனியனிலிருந்து கிழித்த ஒரு பட்டைத் துணி. டீ மாஸ்டர்கள் துண்டைக் கட்டுவது மாதிரி, ஒரு சுற்றுச் சுற்றி, முன்பக்கம் முடிச்சு.

தனுஷ்கோடி காய்கறிப் பையைக் கீழே வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

சுற்றுவது ஒரு கையால் ஆகும். முடிச்சுப் போடுவது ஆகாது.

ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டால் ஆகும். சேதுவின் வாயில் இருப்பது இவரே செய்து கொடுத்த பல்செட். எது எங்கே கடித்தால் எப்படிப் பதியும் என்று இவருக்குத் தெரியாதா? துணியின் இரண்டு முனையையும் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

ஒரு முனையிலும் பல் பதியவில்லை.

கண்ணாடி மங்கிப்போனது. கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மறுபடியும் மங்கியது. அப்படியே விட்டுவிட்டார். கத்த வேண்டும் போல இருந்தது. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது.

முடிச்சு சரியாக விழவில்லை. ஒரு பக்கம் கோணல், நடுவில் தொளதொளவென்று இடைவெளி. ஊதினால் அவிழ்ந்துவிடும். தனுஷ்கோடியின் இரண்டு விரல்கள் தாமாக நீண்டு, அதை இழுத்து இறுக்கப் போயின.

"அண்ணே," என்றான் சேது. பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது அப்படித்தான்."

விரல்கள் நின்றன.

"நான் ஒண்ணுமே சொல்லலையேடா," என்றார் தனுஷ்கோடி.